நானூற்றுப் பதினேழாம் பக்கம்

அந்தத் தெருவில் நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் ஒரு பெரிய நாவலில் ஒரே ஒரு பக்கத்தைப் படித்தவர்கள். தையற்கடைக்காரர், தபால்காரர், வங்கிக் காசாளர், எதிர்ச் சந்தில் சைக்கிள் பழுது பார்ப்பவர், அவருடைய மாமியார் என்று யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். "கதவைத் திறந்தவள் ஒரு கணம் அப்படியே நின்றாள்" என்று ஆரம்பித்துக் கொடுத்தால் போதும், அடுத்த இரண்டு வரியாவது சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் அந்த நாவலைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடிக்காரர் படிக்கச் சொன்னார், படித்தார்கள், மூக்குக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

கண்ணாடிக்காரரின் கடை அகலம் குறைந்து நீளம் கூடிய கடை. முன்பக்கம் ஃபிரேம்கள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, நடுவில் ஒரு பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் உயரமான நாற்காலி. நாற்காலியில் உட்காருகிறவரின் மூக்கில் கனமான வட்டச் சட்டம் ஒன்றை மாட்டுவார். மரப்பெட்டியிலிருந்து லென்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து அதில் செருகுவார். தூரப் பார்வைக்குக் கோடியில் எழுத்து அட்டை இருந்தது. கிட்டப் பார்வைக்குக் கைப்பிடி வைத்த ஒரு மரப்பலகை. அதில்தான் அந்தப் பக்கம் ஒட்டப்பட்டு, மேலே கண்ணாடித்தாள் போர்த்தப்பட்டிருந்தது. பக்க எண் நானூற்றுப் பதினேழு.

அந்தப் பக்கத்தில், பதினொரு வருஷத்துக்குப் பிறகு ஒருவன் ஒரு வீட்டுக்கு வருகிறான். கதவைத் திறக்கும் தாய் அவன் தோளில் இருந்த பையை வாங்கி வைக்கிறாள், பெஞ்சில் உட்கார வைக்கிறாள், ஒன்றுமே கேட்கவில்லை. "வந்துவிட்டாய். மற்றதெல்லாம் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம்" என்கிறாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். "அவன் தண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை" என்ற வரியோடு பக்கம் முடிந்துவிடும். சரியான பவர் விழுந்ததும் ஆட்களின் குரல் தெளியும். எழுத்துக் கூட்டித் திணறியவர்கள் மளமளவென்று படிப்பார்கள். சிலருக்குக் கண் கலங்கும். கண்ணாடிக்காரருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. "புள்ள கெடச்ச சந்தோஷமும் எழுத்து தெரியுற சந்தோஷமும் ஒண்ணா வருது பாருங்க. இந்தப் பக்கத்துக்கு அப்படி ஒரு ராசி" என்று, என்னவோ தானே உட்கார்ந்து எழுதியதைப்போலச் சொல்வார்.

அவரும் அந்த ஒரு பக்கத்தைத் தவிர வேறொன்றும் படித்ததில்லை. அதை மட்டும் வெளியே விடமாட்டார்.

அந்தப் பக்கம் கடைக்கு வந்தது கடை திறந்த முதல் நாள். எல்லாம் வந்திருந்தது, கிட்டப் பார்வைக்கான அச்சு அட்டை மட்டும் வந்து சேரவில்லை. பத்து மணிக்கு முதல் ஆள் வந்துவிடுவார் என்ற பதற்றத்தில், அக்கா வீட்டு அலமாரியிலிருந்து கையில் அகப்பட்ட தடிமனான புத்தகத்தை எடுத்தார். நடுவில் பிரித்தார். எழுத்தின் அளவு வாகாக இருந்தது. சரக்கென்று ஒரு தாளைக் கிழித்து, பலகையில் பசை தடவி ஒட்டிவிட்டார். தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை அவர் யோசிக்கவே இல்லை. பின்பக்கம் பசையோடு பலகைக்குள் போய்விட்டது.

அக்கா குடிநீர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவள். அவரைவிட ஏழு வயது மூத்தவள். அதிகாரிகள் கிறுக்கித் தரும் தாளில் ஒரு பத்தியை ஒருமுறை பார்த்தால் போதும், தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் அடித்து முடித்துவிடுவாள். அந்த நாவலை அதற்குள் ஏழெட்டுத் தடவை படித்திருந்தாள். கிழிந்த இடத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கிழிந்த ஓரத்தை விரலால் நீவினாள்.

"எந்தப் பக்கம்னு தெரிஞ்சுதான் கிழிச்சியா?"

"ஏதோ ஒண்ணுக்கா. வேற வாங்கித் தந்துடறேன்."

"வேற வேணாம். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். நீ முதல்ல மீதியப் படி. படிச்சா அதை ஒரு நாள்கூட கடையில வச்சிருக்க மாட்ட."

படித்திருக்கலாம். ஆனால் 'படி, படி' என்று யாராவது நச்சரித்தால் அதைச் செய்யாமல் இருப்பதில் சிலருக்கு ஒரு வீம்பு உண்டு. கண்ணாடிக்காரர் அந்தச் சாதி. அக்கா அவர் பிறந்த நாளுக்கு ஒரு புதுப் பிரதி வாங்கிக் கொடுத்தாள். அது மேஜையின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுக்கப் போனது. அக்கா மகள் கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போகும்போது தன்னுடைய பிரதியை விட்டுவிட்டுப் போனாள். "மாமா, இதையாவது" என்றாள். "படிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கேன், நானூத்திப் பதினேழாம் பக்கத்துல நிக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய மனைவிதான், "அதுலயே நின்னு கால் வலிக்கலையா உங்களுக்கு?" என்றாள்.

இப்படியே முப்பத்தோரு வருஷம் சாக்குப்போக்குச் சொல்லித் தட்டிக் கழித்தார். வேடிக்கையாகத்தான் இருந்தது, போன வருஷம் வரைக்கும்.

அக்காவின் கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. வேலை ஓய்வுக்குப் பிறகு இரண்டு தெரு தள்ளி மாடியில் ஓர் அறை, சமையலறை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி, சுற்றிலும் புத்தகம் என்று இருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை தம்பி கடைக்கு வந்து கண்ணைச் சோதித்துக்கொள்வாள். தம்பி ஒவ்வொரு கண்ணாக மூடிவிட்டு, பலகையைக் கையில் கொடுப்பார். அக்கா கணீரென்று படிப்பாள். அவள் படிக்கும்போது அவர் வேறு வேலை பார்ப்பார். லென்ஸ் துடைப்பார், பெட்டியை ஒழுங்குபடுத்துவார். காது மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். பிசிறு இல்லாமல் முடிந்ததும், "உன் கண்ணுக்கு ஒண்ணுமில்ல, போ" என்பார்.

போன வருஷம் ஒரு வாரத்துக்குள் அக்காவின் பார்வை விழுந்துவிட்டது. திங்கட்கிழமை ஜன்னல் கம்பி வளைந்து தெரிகிறது என்றாள். வெள்ளிக்கிழமை எதிரே நிற்கிற தம்பியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு நின்றது. சுற்றிலும் தெரிந்தது, நடுவில் தெரியவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்.

டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். வலது கண்ணின் விழித்திரைக்கு நடுவில் புதிதாக ரத்தக் கசிவு. இடது கண்ணில் அதே நோய் வந்து, ஆறி, தழும்பாகவே ஆகிவிட்டிருந்தது.

"இடது கண்ணு போயி ரெண்டு வருஷமாவது இருக்கும்மா. வலது கண்ணு நல்லா இருந்ததால ரெண்டும் தொறந்திருக்கும்போது உங்களுக்குத் தெரியாது. அப்பவே வந்திருந்தா வலது கண்ணைக் கண்காணிச்சிருப்போம். முதல் கசிவுலயே ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாம். கடைசியா எப்ப செக்கப் பண்ணிக்கிட்டீங்க?"

"எட்டு மாசம் முன்னாடி. அதுக்கு முந்தின வருஷமும். என் தம்பிதான் பாத்தான்" என்றாள் அக்கா, பெருமையாக அவர் தோளைத் தொட்டுக்காட்டி. "ரெண்டு கண்ணுலயும் தடங்கல் இல்லாம படிச்சேன் டாக்டர். அவனையே கேளுங்க."

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். ஆமாம், படித்தாள்.

ஊசி போட்டுப் பார்த்தார்கள். மூன்று மாதம் போட்டார்கள். போனது திரும்பவில்லை. அக்கா வீட்டுக்குள் நடமாடலாம், தண்ணீர் காய்ச்சலாம், ஓரக்கண்ணால் கதவு நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் எழுத்து படிக்க முடியாது. முகங்களும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்த முதல் நாளே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. திரைக்குப் பின்னால் போய் உயரமான நாற்காலியில் உட்கார்ந்தார். பலகையைக் கையில் எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். "கதவைத் திறந்தவள் ஒரு கணம் அப்படியே நின்றாள்" என்று ஆரம்பித்தார். "குடிக்கவில்லை" வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. அக்காவின் வலது கண்ணை மூடிவிட்டு இடது கண்ணால் படிக்கச் சொன்னபோது, அவள் படிக்கவே இல்லை. ஒப்பித்திருக்கிறாள். தான் ஒப்பிக்கிறோம் என்று அவளுக்கும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவருக்கும் மனப்பாடம், அதனால் அவரும் பார்க்கவில்லை. முறையான அச்சு அட்டை, ஐந்து விதமான பத்திகளோடு, முப்பது வருஷமாக மேஜை இழுப்பறையில் கிடந்தது. அதை எடுத்து நீட்ட அரை நிமிஷம் ஆகியிருக்காது.

மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"அண்ணிகிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா கண்ணு வருமா?"

"வராது. ஆனா சொல்லிடுங்க."

சொல்லத்தான் போனார். அன்றைக்குத்தான் அக்கா முந்திக்கொண்டாள். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் அந்தப் பழைய புத்தகத்தை, பக்கம் கிழிந்த அதே பிரதியை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் ரெண்டு மணிக்குக் கடையைச் சாத்திட்டு நாலு மணிக்குத்தானே தெறக்கற? தினம் அரை மணி நேரம் வந்து இதைப் படிச்சுக் காட்டுறியா? இவ்வளவு நாள் ஏமாத்தின. இப்ப ஏமாத்த முடியாது பாரு" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பிரித்தார்.

ஆரம்பத்தில் படித்த லட்சணத்தைச் சொல்ல வேண்டாம். மருந்துச் சீட்டு படிப்பதுபோலப் படித்தார். யார் பேசுகிறார்கள் என்பதே தெரியாமல் ஒரே தொனியில் ஓட்டினார். "டேய், அவ அழறாடா. நீ பஸ் நேரம் சொல்ற மாதிரி சொல்ற" என்று அக்கா நிறுத்துவாள். நாளாக நாளாகக் குரல் பழகியது. இருபதாம் நாளோ என்னவோ, நாலு மணி ஆகியும் எழுந்திருக்க மனமில்லாமல் இன்னும் இரண்டு பக்கம் படித்தார். கடைக்குத் தாமதமாகப் போனார். ஒரு தாயும், அவளுடைய ஒரே மகனும். ஒன்பது வயதில் அவனைத் தூரத்து ஊரில் ஒரு பட்டறையில் வேலைக்கு விடுகிறார்கள். அங்கே அவனுக்கு ஒரு சிநேகிதன் கிடைக்கிறான். இரண்டு பையன்களும் ஒரே பாயில் தூங்கி, ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு வளர்கிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் அதில் என்னவோ இருந்தது. கடையில் யாருக்காவது ஃபிரேமை வளைத்துச் சரிசெய்யும்போதுகூட அந்தப் பையன்கள் ஞாபகம் வந்தது.

இதை அப்போதே படித்திருக்கலாமே என்ற வருத்தம் ஒரு பக்கம். தினமும் படியேறும்போது 'இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்' என்பது இன்னொரு பக்கம். அக்கா கதவைத் திறந்து, கண்ணுக்குத் தெரியாத முகத்தை நோக்கி, "வந்துட்டியா? நேத்து எங்க விட்டோம்?" என்பாள். அவர் பக்கத்தைச் சொல்வார். அன்றைய நாளும் போய்விடும். இரண்டரை மாதம் இப்படி நாளைக் கடத்தினார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அக்கா தன்னை வெறுத்துவிட்டால் தனக்கு யார் என்ற பயம். அறுபத்தோரு வயதில் அப்படிப் பயப்பட வெட்கமாகவும் இருந்தது.

நானூறாம் பக்கத்தை நெருங்கினார்கள். பட்டறை எரிகிறது. மகன் செத்துப்போகிறான். படித்துக்கொண்டிருந்தவர் திகைத்து நிறுத்தினார்.

"அக்கா, இவன் செத்துட்டானே?"

"ம்."

"அப்ப வீட்டுக்கு வர்றது?"

"படி" என்றாள் அக்கா.

சாகும் முன் மகன் தன் பையைச் சிநேகிதனிடம் கொடுக்கிறான். அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடு என்கிறான். சிநேகிதன் மூன்று நாள் நடக்கிறான். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வருகிறான். செத்தவனின் சட்டை, செத்தவனின் பை. மகனை ஒன்பது வயதுக்குப் பிறகு பார்த்திராத தாய். நானூற்றுப் பதினாறாம் பக்கத்தின் கடைசி வரியில் அவன் கதவைத் தட்டுகிறான். அதற்குப் பிறகு கிழிந்த ஓரம்தான் இருந்தது.

கண்ணாடிக்காரர் புத்தகத்தை மூடவில்லை. பார்த்துப் படிக்க ஒன்றுமில்லாத அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கதவைத் திறந்தவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு அவன் தோளிலிருந்து பையை, தூங்கும் குழந்தையை வாங்குவதுபோல வாங்கினாள்..."

முப்பத்தோரு வருஷமாகத் தினமும் காதில் விழுந்த வரிகள். எத்தனை பேர் இதைச் சிரித்த முகத்தோடு படித்தார்கள், எத்தனை பேரை அவரே இன்னும் சத்தமாகப் படிக்கச் சொன்னார்! 'வந்துவிட்டாய்' என்ற இடத்தில் அவர் குரல் உடைந்தது. எப்படியோ ஒப்பேற்றி முடித்தார். "அவன் தண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை." பின்பக்கத்தில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அது பலகைக்கும் பசைக்கும்தான் தெரியும்.

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அலுவலகத்தில் தட்டச்சு செய்வாளே, அப்படி உட்கார்ந்து, மீதியைச் சொன்னாள்.

"சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். அவள் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவன் குடிப்பதற்காகக் காத்திருந்தாள். இந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். குடித்தான். இன்றைக்கு ஒரு நாள் அவள் தூங்கட்டும், நாளைக் காலையில் சொல்லலாம் என்று நினைத்தான்..."

அவள் முழுப் பக்கமும் சொல்லி முடித்தாள். கண்ணாடிக்காரருக்கு இதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட வைத்திருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

"அக்கா, உன் இடது கண்ணை நான்தான் விட்டுட்டேன்."

"என்னடா சொல்ற?"

"ரெண்டு வருஷமும் வலது கண்ணை மூடிட்டு உன்கிட்ட இந்தப் பக்கத்தைத்தான் குடுத்தேன். நீ படிக்கலக்கா. இப்ப சொன்ன மாதிரிதான் சொன்ன. எனக்கும் மனப்பாடம். காதால கேட்டுட்டு சரின்னு விட்டுட்டேன். வேற அட்டை டிராயர்லயே இருந்தது. எடுத்துக் குடுக்கல."

அக்காவின் கை நாற்காலிப் பிடியைத் தேடிப் பிடித்தது.

"எப்ப தெரியும் உனக்கு?"

"ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாங்களே, அன்னிக்கே."

"அப்ப முதல் பக்கம் படிக்கும்போதே தெரியும்."

"தெரியும்."

வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அவள் பேச ஆரம்பித்தபோது குரல் உயரவே இல்லை.

"எழுத்து தெரியலைன்னு எனக்கே தெரியலடா. தெரியுதுன்னுதான் நெனச்சேன். அது எனக்குத் தெரியாது, சரி. அதைக் கண்டுபிடிக்கத்தானே நீ அங்க உக்காந்திருக்க? அதானே உன் வேலை? டாக்டர்கிட்ட உன்னைத் தொட்டுக் காட்டினேன். பெருமையா. நீ தலைய ஆட்டிக்கிட்டு நின்ன."

"அக்கா..."

"உன் முகம் எனக்குத் தெரியாது இப்ப. அதனால நீ அழுதாலும் எனக்குப் புரியாது. போயிட்டு வா."

அவர் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

ஒன்பது நாள் அக்கா அவரைக் கூப்பிடவில்லை. மனைவி தினமும் போய்வந்தாள். அவளிடம் அக்கா எப்போதும்போலப் பேசினாள், மகளோடு தொலைபேசியில் பேசியதைச் சொன்னாள், காய் நறுக்க விடாப்பிடியாக உதவினாள். "அவரைப் பத்தி ஏதாவது?" என்று மனைவி மெல்ல ஆரம்பித்தால், "வேற பேசலாம்" என்பாள்.

அந்த ஒன்பது நாளில் கண்ணாடிக்காரர் பலகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். இழுப்பறையிலிருந்து அச்சு அட்டையை எடுத்துத் தூசி தட்டினார். அது போதாதென்று வெவ்வேறு புத்தகத்திலிருந்து நாலு தனித்தனி அட்டை செய்தார். இந்த முறை எதையும் கிழிக்கவில்லை, நகல் எடுத்தார். பிறகு பழைய பதிவேட்டைப் புரட்டி, அந்தப் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஆட்களையெல்லாம் திரும்ப வரச்சொன்னார். நாற்பத்தாறு பேர். பாதிப் பேர் வந்தார்கள். "நல்லாத்தானே தெரியுது, என்ன புதுசா?" என்று சலித்துக்கொண்டார்கள். தையற்கடைக்காரர், "பழைய பக்கம் எங்க? அதான் நமக்கு ராசி" என்று சண்டைக்கே வந்துவிட்டார். யாருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்குப் பவர் மாறியிருந்தது. ஒருவரையாவது காப்பாற்றிவிட்டால் தன் மனசு ஆறும் என்று அவர் உள்ளூர எதிர்பார்த்திருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

பத்தாம் நாள் கடைத் தொலைபேசி மணி அடித்தது.

"நானூத்திப் பத்தொன்பதுல ஆரம்பிக்கணும்" என்றாள் அக்கா. "ரெண்டேகாலுக்கு வா." வைத்துவிட்டாள்.

போனார். கதவு திறந்தே இருந்தது. "எங்க விட்டோம்" இல்லை, "பஸ் நேரம்" இல்லை. அவர் படித்தார், அவள் கேட்டாள். அரை மணி ஆனதும், "போதும்" என்றாள். மீதி முந்நூற்றுப் பத்துப் பக்கம். இரண்டு மாதம் அந்த ஒரு சொல்தான். அவருக்குப் பல நாள் படியேறவே கால் வரவில்லை. ஆனாலும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் படியேறுவது, பயத்தோடு ஏறுவதைவிடப் பரவாயில்லை என்று மனைவியிடம் சொன்னார்.

கதையில் அந்தச் சிநேகிதன் மகனாகவே அந்த வீட்டில் தங்கிவிடுகிறான். ஓடு மாற்றுகிறான், கிணறு தூர் எடுக்கிறான், தாய்க்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். தினம் நாளைக்குச் சொல்லலாம் என்கிறான். வருஷங்கள் போகின்றன. ஒருநாள் யாருமில்லாத நேரத்தில், தான் கொண்டுவந்த பையைக் கதவருகே வைத்துவிட்டு எங்கோ போய்விடுகிறான். தாய் வாசலைப் பார்த்தபடி முதுமையடைகிறாள். தன் மகன் இரண்டாம் முறையும் தன்னை விட்டுப் போய்விட்டான் என்று நினைத்தே சாகிறாள். அதுதான் முடிவு.

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்காரர் புத்தகத்தை மூடினார். அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. அவளாகப் பேசும்வரை ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்று வைத்திருந்த வைராக்கியமெல்லாம் மறந்துபோயிற்று.

"ஏன்க்கா, இவன் ஏன் சொல்லாம போனான்? கடைசியிலயாவது சொல்லியிருக்கலாமே? அவ என்ன செஞ்சிருப்பா? அடிச்சிருப்பாளா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் நான் இருபது தடவை படிச்சேன்" என்றாள் அக்கா. "எழுதினவருக்கே தெரியாதோ என்னவோ."

இரண்டு மாதத்தில் அதுதான் அவள் பேசிய முதல் முழு வாக்கியம். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மேற்கொண்டு வரப்போவதற்காகக் காத்திருந்தார். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். நேராகப் பார்த்தால் தெரியாது என்பதால் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து, ஓரக்கண்ணால் அவர் இருக்கிற இடத்தைப் பார்த்தாள்.

"நீ சொல்லிட்ட. அது எனக்குத் தெரியுது. அவன் செய்யாததை நீ செஞ்ச. அதனால மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. இந்தப் புஸ்தகம் முடியறதுக்குள்ள மன்னிச்சுடலாம்னு தினம் பாத்தேன்டா. என்னால முடியல. காலைல எழுந்திரிச்சா முதல்ல ஜன்னலைப் பாக்கறேன், நடுவுல ஒண்ணுமே இல்ல. உடனே நீ ஞாபகம் வர்ற. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் அழுதார். சத்தமாகவே அழுதார், அவளுக்குக் கேட்கட்டும் என்று. அவள் அவரைச் சமாதானப்படுத்தவும் இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"மணி என்ன?" என்றாள்.

"மூணே முக்கால்."

"கடையைத் தெறக்கணும், போ. நாளைக்கு வரும்போது வேற ஏதாவது கொண்டு வா. நான் படிக்காததா பாத்துக் கொண்டு வா. எனக்கும் ஒண்ணும் தெரியக்கூடாது, உனக்கும் தெரியக்கூடாது."

மறுநாள் இரண்டேகாலுக்கு அவர் ஒரு புதுப் புத்தகத்தோடு படியேறினார்.